பன்னிரண்டு வேகன், அரை மில்லிமீட்டர்

என் மாடல் ரயில் மேட்டில் ஏறி இறங்கும் இடத்தில்தான் பிரிந்துகொண்டே இருந்தது. எஞ்சின் நான்கு வேகனோடு போய்விடும், மீதி எட்டும் உச்சியில் அம்போ என்று நிற்கும். ஒவ்வொரு முறையும் அதே பாக்ஸ்காருக்கும் (மூடிய சரக்கு வேகன்) அதே ஹாப்பருக்கும் (அடி வழியாகச் சரக்கைக் கொட்டும் வேகன்) நடுவில். வேகன்களைக் கோக்கும் கொக்கியான கப்ளரின் ஸ்பிரிங்கைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், பலனில்லை. கடைசியில் குனிந்து கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஹாப்பரின் கப்ளர் மேலே, பாக்ஸ்காருடையது கீழே. அரைகுறையாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சமதளத்தில் அது போதும். உச்சியில் ஒன்று மூக்கைத் தூக்க, மற்றது தாழ, பிடி விட்டுப்போகிறது.

சரி, பன்னிரண்டு வேகனையும் ஒரேயடியாக ஒழுங்குபடுத்திவிடலாம் என்று இறங்கினேன். என்னுடையது எச்.ஓ. அளவு, அதாவது 1:87. கப்ளரின் மையம் தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து 25/64 அங்குலம், ஏறத்தாழ 9.9 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. வைத்திருக்கும் அளவு. அங்கே நிஜ வேகன்களுக்கும் இப்படி ஒரு கட்டு உண்டு: காலியாக நின்றால் 34.5 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது, சரக்கேற்றி ஸ்பிரிங் அமுங்கினாலும் 31.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. அந்த மூன்று அங்குலத்தை 87-ஆல் வகுத்தால் 0.9 மி.மீ. கூடத் தேறவில்லை. நம் கைக்கு இருக்கும் இடம் அவ்வளவுதான்.

உயரம் பார்க்க கேடி நிறுவனத்தின் அளவுகருவி, கேடி கேஜ் இருக்கிறது. (பெயர்தான் கேடி, ஆள் நேர்மையானவர்.) தண்டவாளத்தில் நிற்க வைத்து வேகனை மெல்ல அதனிடம் தள்ளினால் கப்ளர் ஏறி நிற்கிறதா, இறங்கி நிற்கிறதா என்று பக்கத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

முதல் நாள் கணக்கு: பன்னிரண்டில் பத்து தாழ்வு, இரண்டு சரி. பத்தா! உடனே வாஷரைக் கையில் எடுத்தேன். சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகியைக் கழற்றி, வேகன் அடியில் போகி வந்து அமரும் போல்ஸ்டர் மேட்டுக்கும் போகிக்கும் நடுவில் வாஷர் கொடுத்தால் பெட்டி மொத்தமாக உயரும். கப்ளர் பெட்டியோடு சேர்ந்திருப்பதால் அதுவும் கூடவே உயரும். சிவப்பு ஃபைபர் வாஷர் 0.010 அங்குலம், கிட்டத்தட்ட கால் மி.மீ.; சாம்பல் நிறம் 0.015 அங்குலம், 0.38 மி.மீ. மூன்று வேகன் முடித்துவிட்டு நான்காவதைத் திருப்பி, வேறு இடத்தில் கேஜை வைத்தேன். அது சரியாக இருந்தது. மறுபடி பழைய இடம்: தாழ்வு. புது இடம்: சரி.

நான் கேஜை நிறுத்தியிருந்தது இரண்டு பலகை சேரும் இணைப்பின் மேல். பலகை உப்பி, அங்கே அரை மில்லிமீட்டர் மேடு. கேஜ் மேட்டின் மேல், வேகன் கீழே. பிறகு எதுதான் தாழாது? அதைவிட வெட்கம், 'சரி' என்று நான் ஒதுக்கிவைத்த இரண்டு ஹாப்பரும்தான் உண்மையில் உயரம் கூடியவை.

அடுத்த நாள் பழைய முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றின் மேல் ஓரடி தண்டவாளத்தை ஒட்டிக்கொண்டேன். கண்ணாடி வளையாது, அதோடு வேகனின் அடிவயிறு பிரதிபலிப்பில் தெரிவதால் கப்ளருக்குக் கீழே தொங்கும் கம்பி எவ்வளவு இடைவெளியில் போகிறது என்பதையும் தலைகீழாகப் புரட்டாமலே பார்த்துக்கொள்ளலாம். வாஷரையெல்லாம் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து அளந்தேன். ஐந்து தாழ்வு, இரண்டு உயர்வு, ஐந்துக்கு வேலையே இல்லை.

தாழ்ந்த ஐந்தில் இரண்டில் பெட்டி சரியான உயரத்தில்தான் நின்றது. கப்ளரை விரல் நுனியால் லேசாகத் தூக்கினால் கேஜுக்கு நேராக வந்தது. அதாவது கப்ளர் மட்டும் தன் கூட்டுக்குள் தொங்குகிறது. இதற்குப் போய் போல்ஸ்டரில் வாஷர் போட்டிருந்தால் பெட்டி வீணாக உயர்ந்திருக்கும். கூட்டின் மூடித் திருகை இறுக்கியதில் ஒன்று சரியாயிற்று, மற்றதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்று வைத்தேன். மீதி மூன்றில் இரண்டுக்குச் சிவப்பு வாஷர். மூன்றாவது அந்த பாக்ஸ்கார். அதற்கு இரண்டு வாஷர் தேவைப்பட்டது, போட்டதும் பெட்டி இடமும் வலமும் ஆட ஆரம்பித்தது. அமரும் பரப்பு குறுகிப்போனதுதான் காரணம். வாஷரை எடுத்துவிட்டு, அரை மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டில் அகலமாக வட்டம் வெட்டி ஒட்டினேன், கூடவே கொஞ்சம் நீளமான திருகு. ஆட்டம் நின்றது. ஒரு போகியை ஆடாத அளவுக்கு இறுக்கி, இன்னொன்றைக் கால் சுற்று தளர்த்திவிடுவது என் வழக்கம். மேடு பள்ளத்தில் சக்கரங்கள் தரை விட்டுத் தூக்காது.

ஹாப்பர் கதைதான் நீளம். உயரத்தைக் குறைக்க வேண்டுமென்றால் போல்ஸ்டரைத் தேய்க்க வேண்டும். கறுப்பு மார்க்கரால் அந்த மேட்டுக்கு மை பூசி, தட்டை அரத்தால் நாலு இழுப்பு. மை போன இடம் தேய்ந்த இடம். பார்த்தால் இடது பக்கம் பளிச்சென்று வெள்ளை, வலது விளிம்பில் கறுப்பு அப்படியே இருக்கிறது. கை சாய்ந்திருக்கிறது. அதைச் சமன் செய்யப்போய் இன்னும் தேய்த்து, மொத்தம் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. காலி.

இரண்டாவது ஹாப்பருக்கு மை பூசும்போதுதான் சக்கரம் கண்ணில் பட்டது. போன வருடம் பிளாஸ்டிக் சக்கரத்தை எடுத்துவிட்டு உலோகச் சக்கரம் போட்டவன் நானேதான். கையில் இருந்தது நிஜ ரயில் கணக்கில் 36 அங்குலம், அதையே மாட்டிவிட்டேன். அது 100 டன் வேகனுக்கு உரியது. இந்த ஹாப்பரோ 70 டன், அதற்கு 33 அங்குலச் சக்கரம். எச்.ஓ.வில் 10.5 மி.மீ.க்கும் 9.6-க்கும் உள்ள வித்தியாசம். ஆரம் அதில் பாதி, 0.44 மி.மீ. பெட்டி உயர்ந்தது இதனால்தான். 33 அங்குலம் மாட்டியதும் இரண்டாவது ஹாப்பர் அரமே படாமல் கேஜுக்கு நேராக வந்து நின்றது. முதல் ஹாப்பருக்கும் மாட்டினேன். தேய்த்த அளவுக்கு அது தாழ்ந்துபோனது. தேய்த்ததை ஈடுகட்ட ஒரு சாம்பல் வாஷர். சிரிக்காமல் என்ன செய்வது?

நேற்று இரவு பன்னிரண்டையும் கோத்து ஓட்டினேன். உச்சியில் இரண்டு திசையிலும் பிரியவில்லை. ஆனால் கொண்டோலா (மேலே திறந்த வேகன்) ஒன்றின் கப்ளர் கம்பி லைன் பிரியும் இடத்தில் 'டிக்' என்று தட்டிக்கொண்டு போகிறது. தண்டவாளத்துக்கு மேல் 1/32 அங்குலம், 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். இன்று குறடு வைத்து வளைத்துவிடுவேன். பலகை இணைப்பு மேடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதைத் தேய்க்கத் தண்டவாளத்தைப் பெயர்க்க வேண்டும். அது அடுத்த மாத வேலை.