இட்லித் தட்டில் வைத்த திருகு

என் லேப்டாப்பில் சி டிரைவுக்குக் கீழே இருக்கும் பட்டை சிவப்பாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. 238 ஜிபியில் மூன்றோ நாலோதான் மிச்சம். எதையாவது அழிக்கலாம் என்று உட்கார்ந்தால், தங்கை கல்யாண வீடியோ மட்டும் 42 ஜிபி. அதில் கை வைத்தால் வீட்டில் சோறு கிடையாது. மற்றதெல்லாம் சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கம், ஆடி வெள்ளி வாழ்த்து, யார் என்றே தெரியாத ஒரு குழந்தையின் ஆண்டு விழா நடனம். பரணைக் காலி பண்ண ஏணி போட்டு ஏறுவோம், அரைமணி நேரம் பழைய ஆல்பம் பார்ப்போம், தும்மிக்கொண்டே வெறும் கையோடு இறங்குவோம். அந்தக் கதைதான் நடந்தது.

“பெருசா ஒரு எஸ்எஸ்டி வாங்கி நானே மாத்திடறேன்” என்றேன். லேப்டாப்பின் பரண் அதுதான், ஃபைல் எல்லாம் அதில்தான் இருக்கும்.

“கடையில குடுத்தா அவங்களே மாட்டித் தருவாங்களே” என்றாள் மனைவி.

“பத்து திருகு. கழட்டணும், மாட்டணும். இதுக்குப் போய் கடைக்காரனா?”

நான் பார்த்த யூடியூப் வீடியோ மொத்தமே நாலு நிமிஷம். எனக்கு ஒன்பது நாள் பிடித்தது.

முதல் சனிக்கிழமை, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனேன். சிந்தாதிரிப்பேட்டை பக்கம் வண்டியை விட்டுவிட்டு, உள்ளே நடக்கும்போதே ஆறு பேர் “என்ன சார் வேணும், சிசிடிவியா, லேப்டாப்பா?” என்று கேட்டார்கள். ஏழாவது கடையில் நின்றேன்.

“எம்.2 தானே சார்? சாட்டாவா, என்விஎம்இயா?”

எம்.2 என்பது எஸ்எஸ்டியின் வடிவம், சாட்டாவும் என்விஎம்இயும் அது லேப்டாப்போடு பேசும் இரண்டு பாஷைகள். அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அருகில் நின்ற கல்லூரிப் பையன் வேறு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “எது வேகமோ அது குடுங்க” என்று கம்பீரமாகச் சொன்னேன்.

மேட்சிங் பிளவுஸ் பிட் வாங்கப் போகிறவர்கள் புடவையைக் கையோடு எடுத்துக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு அது. அது எஸ்எஸ்டிக்கும் பொருந்தும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து, தரையில் செய்தித்தாள் விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்தேன். கண்ணுக்குத் தெரிந்தது எட்டுத் திருகு. எட்டையும் கழற்றியும் அடிமூடி வரவில்லை. மீதி இரண்டும் பின்பக்க ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. காலாவதியான ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு நெம்பியபோது ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், சமையலறையிலிருந்து அம்மா “என்னடா உடைச்ச?” என்றாள். உடையவில்லை. கொக்கி விடுபட்டால் அந்தச் சத்தம்தான் வருமாம்.

புதியதைச் செருகினேன். உட்கார்ந்தது. பவரைப் போட்டால், முதலில் விழித்து உள்ளே யார் யார் என்று பார்க்கிற பயாஸுக்கு அப்படி ஒரு ஆள் வீட்டுக்கு வந்ததாகவே தெரியவில்லை. அப்புறம்தான் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுமே 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2280 என்று போட்டிருப்பதற்கு அதுதான் அர்த்தம். ஆனால் முனையில் பழையதுக்கு இரண்டு வெட்டு, புதியதுக்கு ஒன்று. என் லேப்டாப்பின் துளை சாட்டா பாஷை மட்டும்தான் பேசும். நான் வாங்கி வந்தது என்விஎம்இ. நாற்காலியில் உட்கார இடம் இருக்கிறது, பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை.

ஞாயிறு அங்கே பெரும்பாலும் கடை கிடையாது. திங்கள் கிழமை அரை நாள் விடுப்பு. இந்தத் தடவை பழைய எஸ்எஸ்டியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் மாற்றிக் கொடுத்தார். ஒன்றும் சொல்லாததுதான் வலித்தது.

அடுத்த சனிக்கிழமை. 1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி எஸ்எஸ்டியை, யூஎஸ்பியில் செருகும் ஒரு கூட்டில் போட்டு, பழையதை அப்படியே நகல் எடுக்கவிட்டேன். மூன்று மணி நேரம் ஓடியது. அப்பா வந்து எட்டிப் பார்த்தார்.

“இத்துனூண்டு சூயிங்கம் மாதிரி இருக்கு. இதுக்குள்ளயா கல்யாண வீடியோ போகுது?”

“ஆமாம்ப்பா. ஃபிளாஷ் மெமரி.”

“ஃபிளாஷ்னா? போட்டோ எடுக்கறப்ப பளிச்சுன்னு வருமே, அதுவா?”

சிரித்துவிட்டேன். ஆனால் சிரித்திருக்கக் கூடாது. இதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரர் ஃபுஜியோ மசுவோகா, 1980களில் தோஷிபாவில் வேலை பார்த்தவர். மொத்தத்தையும் ஒரே வீச்சில் அழிக்க முடிகிறதே, கேமரா ஃபிளாஷ் மாதிரி இருக்கிறதே என்று கூட வேலை பார்த்த அரிஇசுமி சொன்னதில்தான் அந்தப் பெயரே வந்ததாம். அப்பா சொன்னது சரி என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். ஜெயித்த ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகத் தெரிந்தவர்.

நகல் முடிந்து மறுபடி பிரித்தேன். போன வாரம் செய்தித்தாளில் வைத்த திருகுகள் ஃபேன் காற்றில் காகிதம் புரண்டு உருண்டோடியது ஞாபகம் வந்தது. எனவே ஒரு யோசனை செய்தேன். இட்லித் தட்டு. குழிக்கு மூன்று திருகு, வரிசைப்படி. எஸ்எஸ்டியைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகு மட்டும் ஜவ்வரிசி சைஸ். அதற்குத் தனிக் குழி. பார்க்கவே அழகாக இருந்தது. போட்டோகூட எடுத்தேன்.

இட்லித் தட்டில் ஓட்டை இருக்கும் என்பது, நாற்பது வருடமாக இட்லி சாப்பிடும் ஒருவனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

புதியதைச் சாய்வாகச் செருகிவிட்டுத் திருகை எடுக்கத் திரும்பினால் குழி காலி. இந்த எஸ்எஸ்டி வேறு, திருகு போடாவிட்டால் படுக்காது. மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நிற்கும், சாப்பாடு வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிற குழந்தை மாதிரி. அழுத்தினால் படுக்கும், விரலை எடுத்தால் எழுந்துகொள்ளும்.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் முதல் கேள்வி, “இட்லித் தட்டை யாரு எடுக்கச் சொன்னா?” இரண்டாவது கேள்வி, “எவ்ளோ பெருசு?”

“உன் தோட்டுத் திருகாணியவிடச் சின்னது.”

அம்மாவின் முகமே மாறிவிட்டது. அதுவரை அது என் கம்ப்யூட்டர் சமாச்சாரம். இப்போது அவள் துறை. “யாரும் நடக்காதீங்க. ஃபேனை அமத்து. லைட்டையும் அமத்து.”

லைட்டை எதற்கு என்று கேட்டேன். பதில் கிடையாது. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து எரியவிட்டாள். அவ்வளவுதான், கூடமே வேறு ஊர் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு அரிசி நொய்க்கும் இரண்டு அங்குல நிழல். அம்மா கன்னம் தரையில் படும்படி குனிந்து, வெளிச்சத்தை முழம் முழமாக நகர்த்திக்கொண்டே போனாள். இத்தனை நேரம் பூதக்கண்ணாடியும் காந்தமுமாக நான் தவழ்ந்ததை நினைத்துப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பீரோ காலுக்கு அருகே டார்ச் நின்றது.

“கெடச்சுடுத்தா?”

அம்மா பேசவில்லை. விரல் நுனியில் ஒட்டி எடுத்ததை லைட் போட்டுப் பார்த்தோம். தங்கம். தங்கை வளைகாப்பன்று தொலைந்த தோட்டுத் திருகாணி. அன்றைக்கு அந்த அறையைப் பெருக்கியவர் அப்பா. “குப்பையோட வாரிக் கொட்டிட்டார்” என்று இரண்டு வருடமாக, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லப்பட்ட வழக்கு. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் பேப்பரை ஒரு பக்கம் புரட்டினார். அவ்வளவுதான்.

என் திருகு கிடைக்கவில்லை. இன்சுலேஷன் டேப்பை ஒட்டி எஸ்எஸ்டியைப் படுக்கவைத்து, மூடி, பவரைப் போட்டேன். வந்துவிட்டது! ஆனால் சி டிரைவ் அதே 238தான். பட்டை அதே சிவப்பு. மொத்த அளவைப் பார்த்தால் 931.

“ஆயிரத்துக்குக் காசு குடுத்துட்டு 931 வாங்கிண்டு வந்தியா?” என்றார் அப்பா. திருகாணி கிடைத்த தெம்பு, குரலில் தெரிந்தது.

விற்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவான், விண்டோஸ் 1024 ஆக எண்ணும், அதனால் 69 குறைந்த மாதிரி தெரியும் என்று விளக்கினேன்.

“அதாவது அவன் மரக்கால் வேற, வீட்டு மரக்கால் வேற. எங்க ஊர்ல நெல்லு அளக்கறவன் இதைத்தான் பண்ணினான்.”

மிச்ச இடத்தை ஏன் சேர்க்க முடியவில்லை என்றால், நகல் எடுத்தபோது சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவில் விண்டோஸின் மீட்புப் பகுதி ஒன்று குறுக்கே உட்கார்ந்துவிட்டது. அடுத்தடுத்து ஒட்டியிருந்தால்தான் சேர்க்க முடியும். அப்பாவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. “நடுவுல அரை சென்ட் அடுத்தவன் பட்டா. அவனை ஓரத்துக்கு நகத்து.” இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி நகர்த்தினேன். இரவு பதினொன்றரைக்குப் பட்டை நீலமானது.

ஞாயிறு காலை. முதல் ஈடு வெந்துகொண்டிருந்தது. நான் நீலப் பட்டையைப் பார்த்துக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தேன்.

“நான் காசு போடலையே” என்று அம்மா தனக்குத்தானே சொல்வது கேட்டது.

இட்லிப் பானைத் தண்ணீரில் ஒரு காசைப் போட்டுவைப்பது பழைய வழக்கம். தண்ணீர் இருக்கும்வரை கொதியில் அது ஆடிச் சத்தம் போடும். சத்தம் நின்றால் பானை வறண்டுவிட்டது. இப்போது பானைக்குள்ளிருந்து சன்னமாக டிக், டிக், டிக் என்று கேட்டது.

அடுப்பை அணைத்து, தட்டுகளை எடுத்துவிட்டு, தண்ணீரை வடிகட்டியில் சாய்த்தாள். தரையில் விழவே இல்லை அந்தத் திருகு. தட்டின் ஓட்டையில் தலை மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. கழுவியபோதும் அசையாமல், மேலே ஈரத் துணி விரித்தபோதும் கண்ணில் படாமல், ஆவி ஏறியதும் இறங்கியிருக்கிறது. அம்மா அதைக் கரண்டியில் வைத்து என்னிடம் நீட்டினாள். கை வைக்க முடியாத சூடு.

“அம்மா, அது துருப்பிடிச்சிருக்கா பாரு.”

அவள் பார்க்கவில்லை. அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஒரு ரூபாய்க் காசை எடுத்து, குழாயில் கழுவி, பானையில் போட்டுவிட்டு, இரண்டாவது ஈட்டுக்குத் துணியை நனைத்தாள்.