நதார் சுவரில் எழுதிய கையெழுத்து

பாரிஸில் ஓப்பரா மெட்ரோ நிலையத்தில் இறங்கி, மதலேன் தேவாலயத்தை நோக்கி நடந்தால் புல்வார் தே கபுசீன் வருகிறது. நான் தேடிப் போனது 35ஆம் எண். 1860இல் பிரெஞ்சு போட்டோகிராபர் நதார் தன் போட்டோ ஸ்டூடியோவை இங்கேதான் கொண்டுவந்தார்.

நதார் என்பது புனைபெயர். இயற்பெயர் காஸ்பார் ஃபெலிக்ஸ் தூர்னஷோன். கேலிச்சித்திரம் வரைந்து பேர் வாங்கிய பிறகு கேமரா பக்கம் வந்தவர். தம்பி ஆட்ரியனும் போட்டோகிராபர்தான். அவர் 'இளைய நதார்' என்று கையெழுத்துப் போட்டுத் தொழில் செய்ய, அண்ணன் கோர்ட்டுக்குப் போய்விட்டார். 1857இல் பெயர் அண்ணனுக்கே என்று தீர்ப்பானது. அப்படிப் போராடி மீட்ட பெயரை அவர் சும்மா வைத்திருப்பாரா? இந்தக் கட்டடத்தின் முகப்பில் தன் கையெழுத்தையே பிரம்மாண்டமாகச் சிவப்பில் எழுதிவைத்தார். இருட்டினால் கேஸ் விளக்கில் அது ஒளிரும். இன்று அந்தச் சிவப்பு இல்லை. எதிர்ச்சாரியில் நின்று அண்ணாந்து பார்த்து, எந்த உயரத்தில் இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் காலி செய்த பிறகு, 1874இல் மோனே, ரெனுவார் முதலான இம்ப்ரெஷனிச ஓவியர் கூட்டத்தின் முதல் கண்காட்சி நடந்ததும் இதே இடத்தில்தான்.

அந்தக் காலத்து ஸ்டூடியோக்களுக்கு வெயில்தான் விளக்கு. அதனால் கண்ணாடிக் கூரை போட்டு மேல்மாடியில் இருப்பார்கள். தெருவில் போகிறவரை அத்தனை படி ஏறவைக்க வேண்டுமே! வாசலில் கண்ணாடிப் பெட்டி வைத்து, பிரபலங்களின் படங்களை மாட்டினார்கள். நதாருக்கு அந்தப் பஞ்சமே இல்லை. எழுத்தாளர் ஜார்ஜ் சாண்ட், நடிகை சாரா பெர்னார்ட், கவிஞர் பொதலேர் எல்லாரும் அவர் கேமரா முன் உட்கார்ந்தவர்கள்.

ஆனாலும் எனக்கு அதிகம் பிடித்த விளம்பரம் சுவரில் இல்லை, அட்டையில் இருக்கிறது. வார இறுதியில் போர்த் தே வான்வ் பழம்பொருள் சந்தைக்குப் போனால் பழைய 'கார்த் தே விசித்' படங்கள் கிடைக்கும். 1854இல் திஸ்தேரி என்ற போட்டோகிராபர் காப்புரிமை வாங்கிய முறை: ஒரே நெகட்டிவ் தட்டில் எட்டுப் படம் வரை எடுத்து, பிரதி போட்டு, வெட்டி, உள்ளங்கையில் அடங்கும் அட்டையில் ஒட்டுவது. விலை இறங்கியதும் ஆளாளுக்கு எடுத்து, சொந்தபந்தங்களுக்குக் கொடுத்தார்கள்.

நான் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் முழுக்க ஸ்டூடியோதான்: அலங்கார எழுத்தில் பெயர், தெரு, கதவு எண், கண்காட்சிகளில் வாங்கிய பதக்கங்களின் படம். 'நெகட்டிவ் பாதுகாக்கப்படுகிறது' என்ற வரி நிறைய அட்டைகளில் வருகிறது. மறுபடி பிரதி போட வாருங்கள் என்ற அழைப்பு அது. பிற்காலத்தில் சிலர் லிஃப்ட் இருப்பதையும் அச்சடித்தார்கள். நீளப் பாவாடையோடு மாடி ஏறும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி!

காசு கொடுத்துப் படம் எடுத்தவரே அந்த விளம்பரத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். இத்தனை கெட்டிக்காரத்தனத்தை நான் வேறெந்தப் பழைய தொழிலிலும் பார்த்ததில்லை.

வான்வ் சந்தைக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்குள் பெரும்பாலானவர்கள் கடையைக் கட்டிவிடுவார்கள்.