இலவசமாக வந்த விலையுயர்ந்த தீம்

தோழியின் வலைப்பூ கைப்பேசியில் திறந்தால் ஏதோ சூதாட்டத் தளத்துக்குத் தாவுகிறது. அவள் கணினியில் மட்டும் ஒழுங்காக இருக்கிறது! உள்நுழைந்திருக்கும் உரிமையாளரிடம் ஒளிந்துகொள்வது இந்த வகை நிரல்களின் வழக்கம்.

வலைப்பூ நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடுவதுதான். தளத்துக்குத் தோற்றம் தரும் தீமில், நிரல் இருக்கும் ஃபங்ஷன்ஸ் கோப்பைக் கடைசிவரை பார்த்தேன். தலைகால் புரியாத எழுத்துகள், ஒரே வரியாக, திரையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தன. பேஸ்64 என்ற குறியாக்க முறையில் மறைத்த நிரல்.

காசுக்கு விற்கும் தீம் இது; யாரோ பூட்டுடைத்து இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். சும்மா கொடுப்பார்களா?

வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே ஆயிரக்கணக்கில் இலவசத் தீம்கள் கிடக்கின்றன. சுழலும் படங்களும் மின்னும் பட்டன்களும் எதற்கு? படிக்க வருபவருக்கு எழுத்து சட்டென்று வந்தால் போதும்.

கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளகினில் நான் நட்சத்திர மதிப்பீடுகளை நம்புவதில்லை. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்றுதான் பார்ப்பேன். வேண்டாததை முடக்கினால் மட்டும் போதாது. கோப்பு, தளம் இருக்கும் கணினியான சர்வரிலேயே கிடக்கும், பாதுகாப்பு ஓட்டையும் கூடவே கிடக்கும். நீக்கிவிடுங்கள்.

தளத்தை வைக்க இடம் தரும் ஹோஸ்டிங்கா? வாசகர்கள் மதுரையிலும் கோவையிலும் இருக்க, சர்வர் அமெரிக்காவில் எதற்கு? மும்பையில் இருந்தால் பக்கம் விரைவாக வரும். முதல் ஆண்டுச் சலுகையில் மயங்காமல், இரண்டாம் ஆண்டு எவ்வளவு என்று கேளுங்கள். தினமும் காப்புப்பிரதி எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள்.