தலைக்கு மேலே கயிறு

2024 ஒக்டோபர் 8, செவ்வாய்

வாள் வகுப்பு நடக்கும் மண்டபத்துக்குள் போனால் குறுக்கே கயிறு கட்டியிருக்கிறது. சுவருக்குச் சுவர் ஐந்து கயிறு, தரையிலிருந்து ஐந்தரை அடி உயரம். யாரோ உடுப்புக் காயப்போட்டுவிட்டு அவிழ்க்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மாஸ்டர் கதிரையில் இருந்தபடியே, "இதெல்லாம் கப்பலின் உத்தரம். வாள் பட்டால் பத்துத் தண்டால், தலை பட்டால் இருபது" என்றார்.

இங்கே எல்லாரும் முதலில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்கு அது வாயில் வராது. படிப்பிக்கிறவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டுப் பழகிய ஊர் எங்களுடையது. மூன்று வருடத்தில் இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளும் மாஸ்டர் என்கிறார்கள். வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அவருக்கு அதில் சந்தோஷம்.

மூன்று வருடமாக நான் பழகியது ஜெர்மன் நீளவாள். இரண்டு கையாலும் பிடித்து, தலைக்கு மேலே ஓங்கி வெட்டுவது. முதல் வெட்டிலேயே வாள் கயிற்றில் மாட்டிக்கொண்டது. எதிரே நின்ற, சேர்ந்து நாலே மாதமான பெண் என் வயிற்றில் கம்பால் குத்திவிட்டு "சொறி" என்றாள். அறுபது தண்டால் எடுத்தேன்.

போகும்போது மாஸ்டர் தனியே கூப்பிட்டார். அவருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. தை மாதம் தொடங்கும் புது வகுப்பை நான் எடுக்க வேண்டுமாம்: எட்டுக் கிழமை, கப்பல் சண்டை மட்டும். சரி என்று சொல்லிவிட்டு வந்து காருக்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

2024 நவம்பர் 12, செவ்வாய்

இன்று கையில் தந்தது 1804ஆம் ஆண்டு மாதிரிக் கட்லஸ், கப்பல் மாலுமிகளின் குட்டை வாள், நகல்தான். இப்படி அழகில்லாத ஒரு வாளை நான் பார்த்ததில்லை. நேரான அலகு, 29 அங்குலம். கைக்குக் காவலாக எட்டு என்ற இலக்கத்தைப் போல இரண்டு இரும்புத் தட்டு. பிடி வார்ப்பிரும்பு, வரிவரியாக. பிடியிலும் தட்டிலும் கறுப்புப் பெயின்ற், உப்புக் காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க. எங்கள் வீட்டுத் தேங்காய் வெட்டும் கத்தி இதைவிட வடிவு.

ஆனால் மாலுமிக்கு இது சொந்த வாள் இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கம் ஆயிரக்கணக்கில் செய்வித்துக் கப்பலுக்குக் கொடுத்தது. தேவைப்படும்போது எடுத்து நீட்டுவார்கள், முடிந்ததும் திரும்ப வாங்கி வைப்பார்கள். மண்வெட்டியைப் போல ஒரு சாமான்.

இதைப் படிப்பித்தவர்கள் யார் என்று தேடினால் இரண்டு வகை ஆட்கள் வருகிறார்கள். ஒன்று ஆஞ்சலோ குடும்பம். இத்தாலியின் லிவோர்னோவிலிருந்து வந்த டொமெனிகோ ஆஞ்சலோ லண்டனில் பிரபுக்களுக்கும் அரச குடும்பத்துக்கும் வாள் படிப்பித்தவர். மகன் ஹென்றி அகலவாள் பயிற்சியைப் படம் படமாக 1799இல் வெளியிட்டார், படங்களில் ஓவியர் ரோலண்ட்சனின் கைவண்ணம். இந்த வழியில் வந்த முறையில் ஏழு வெட்டு: ஒற்றை எண் வெட்டுகள் வலப்பக்கத்திலிருந்து, இரட்டை எண் இடப்பக்கத்திலிருந்து, ஏழாவது உச்சியிலிருந்து நேரே கீழே. சுவரில் வட்டம் போட்டுக் கோடு கீறி எண்ணை எழுதிவிட்டால், எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் பழகலாம்.

மற்றவர் வில்லியம் பிரிங்கிள் கிரீன். 1805 ட்ராஃபல்கர் கடற்சண்டையில் கொன்கரர் என்ற பிரிட்டிஷ் கப்பலில் நின்றவர். லெப்டினன்டாக இருந்தபோது, 1812இல், கப்பல் ஆட்களை ஆயுதத்தில் பழக்குவது எப்படி என்று கைப்படவே எழுதி, படமும் தானே போட்டு வைத்தார். எனக்கு இவரைத்தான் பிடிக்கிறது. ஆஞ்சலோக்களின் மாணவர்கள் காசு கட்டி, விரும்பி வந்தவர்கள். கிரீனின் மாணவர்களில் பலர் துறைமுகத் தெருவில் பலவந்தமாகப் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்கள்.

2024 நவம்பர் 17, ஞாயிறு

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல். வீட்டிலிருந்து அரை மணி ஓட்டம். இங்கு வந்து பதினொரு வருடத்தில் ஐந்தாவது முறையாக அந்தக் கப்பலைப் பார்க்கிறேன். அதன் பெயர் எங்கள் ஊர்ப் பெயர், திருகோணமலை. எச்.எம்.எஸ். டிரிங்கோமலி.

முதல் முறை பார்த்தபோது கரையில் நின்று சிரித்தேன், பிறகு ஏனோ தொண்டை அடைத்தது. இந்த முறை வேலையாகப் போனேன், அளவு நாடாவோடு. பிரிட்டனில் ஓக் மரம் தட்டுப்பாடான காலத்தில், பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் தேக்கில் கட்டி, 1817 ஒக்டோபர் 12 அன்று கடலில் இறக்கினார்கள். நடுவில் பல பத்தாண்டுகள் ஃபூட்ரோயன்ட் என்று வேறு பெயரில் பயிற்சிக் கப்பலாகக் கிடந்தது. 1992இல்தான் பழைய பெயர் திரும்பியது. இன்றும் மிதக்கிறது. முன்முனையில், அணியத்தில், தலைப்பாகை கட்டிய ஓர் ஆள் சிலை. எங்கள் ஊரில் அப்படித் தலைப்பாகை கட்டினவரை நான் கண்டதில்லை.

நீளம் 150 அடி, அகலம் 40 அடி. அகலம் கேட்கத்தான் தாராளம். பீரங்கிகளையும் படிக்கட்டுகளையும் பாய்மரங்களையும் கழித்துவிட்டால் கை வீச மிஞ்சுவது எங்கள் குசினி அளவு இடம். கீழ்த்தட்டில் நிமிர முடியாது. மேல்தட்டில் வானம் தெரிந்தாலும் கயிறு, கயிறு, மேலும் கயிறு; சண்டை நேரத்தில் ஏறுகிறவனைத் தடுக்க வலை வேறு கட்டுவார்கள். மாஸ்டரின் ஐந்து கயிறு குறைவுதான்.

நீட்டிக் குத்துவதற்கு முன்னங்காலை எடுத்து வைத்துப் பார்த்தேன். கால் பீரங்கி வண்டியில் இடித்தது. பக்கத்தில் நின்ற சிறுவன் தாயிடம், "அந்த மாமா என்ன செய்கிறார்?" என்றான்.

2024 டிசம்பர் 3, செவ்வாய்

வலது கைப் பெருவிரல் வீங்கிவிட்டது. கையுறை போடாமல் "ஒரு தரம் மட்டும்" என்று கம்பு பிடித்ததன் பலன். எழுதக் கஷ்டம்.

2025 ஜனவரி 14, செவ்வாய்

தைப்பொங்கல். காலையில் பால் பொங்கியது, மாலையில் என் மானம் போனது.

பன்னிரண்டு பேர் புதிது. ஏழு வெட்டு, ஏழு தடுப்பு, ஆஞ்சலோ, கிரீன், 1804, வார்ப்பிரும்பு எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கி வைத்தேன். நாற்பது நிமிடம் நானே கதைத்தேன். கடைசியில் இரண்டு இரண்டு பேராக விட்டபோது ஒருவருக்கும் ஒரு வெட்டும் ஞாபகம் இல்லை. தும்புத்தடியால் ஒட்டடை அடிப்பது போல வீசினார்கள். உயரமான ஒருவர், ஆறடி நாலு அங்குலம் இருப்பார், கயிற்றில் நெற்றியை நாலு தரம் மோதினார்.

மாஸ்டர் காலை நீட்டிக்கொண்டு ஓரத்தில் இருந்தார். ஒன்றும் பேசவில்லை. இரவு தொலைபேசியில், "உனக்கு எவ்வளவு தெரியும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது" என்றார். அவ்வளவுதான்.

அம்மாவும் எடுத்தார். பொங்கல் கதையெல்லாம் முடிந்த பிறகு, "ஏன் தம்பி, நாற்பத்திரண்டு வயதில கத்தி தூக்கித்தான் ஆகணுமோ?" என்றார்.

2025 ஜனவரி 21, செவ்வாய்

இன்று ஏழு வெட்டில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன், கூடவே ஒரு குத்து. ஒன்று, இரண்டு, குத்து. தடுப்பு ஒன்றே ஒன்று, தலைக்கு மேல் வாளைச் சரித்துத் தொங்கவிடுவது. கதை பத்து நிமிடம், அதுவும் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஷானனின் கதை.

ஷானனும் டிரிங்கோமலியும் ஒரே லீடா வகைக் கப்பல்கள்; என் அளவு நாடாக் கணக்கு அதற்கும் பொருந்தும். 1806இல் தலைமை ஏற்ற கப்டன் ஃபிலிப் புரோக் ஏழு வருடம் தன் ஆட்களை விடாமல் பழக்கினார். முக்கியமாகப் பீரங்கி, கூடவே கைச்சண்டைக்குக் கம்பு. 1813 ஜூன் 1, பொஸ்டனுக்கு வெளியே அமெரிக்கக் கப்பல் செசபீக்கோடு மோதினார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது, ஷானன் வென்றது. இரண்டு பக்கமும் செத்தவர்களும் காயப்பட்டவர்களும் 200 பேருக்கு மேல். செசபீக்கில் ஏறியவர்களுக்கு முன்னால் ஓடிய புரோக்குக்கு மண்டை பிளந்தது. ஆனாலும் 1841 வரை உயிரோடு இருந்தார். செசபீக்கின் மரங்களைப் பிரித்து விக்கம் என்ற ஊரில் மாவு ஆலை கட்டினார்கள், அது இன்றும் நிற்கிறது.

உயரமானவர் கேட்டார்: "வகுப்பெடுத்தவரே மண்டையில் வாங்கினாரா?" எல்லாரும் என் பெருவிரலைப் பார்த்தார்கள்.

பிறகு சீட்டு எடுக்க வைத்தேன். ஒவ்வொரு பீரங்கிக் குழுவிலும், எதிரிக் கப்பலில் ஏறப் போகிறவர் யார், பாய் இழுக்க ஓடுகிறவர் யார், நெருப்பு அணைக்கிறவர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பார்கள். அதேபோல. நான் கத்தியதும் சீட்டில் உள்ளபடி கட்லஸ் எடுக்க வேண்டியவர் எடுத்தார், வாளி தூக்க வேண்டியவர் தூக்கினார். வாளியில் தண்ணீர் இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

2025 பெப்ரவரி 11, செவ்வாய்

கால்தான் பிரச்சினை என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது. எல்லாரும் கம்பத்தை நட்டது போல நிற்கிறார்கள். திடமான தரையில் அது தெரியாது.

ஜிம்னாஸ்டிக் மெத்தைகளை இரண்டிரண்டாக அடுக்கி, அதன் மேல் ஏறச் சொன்னேன். ஒன்றாம் வெட்டு வெட்டியதும் வரிசையாகச் சாய்ந்தார்கள். பெரியப்பாவின் வள்ளத்தில் நான் முதன்முதல் ஏறியபோதும் இப்படித்தான். "முழங்காலைப் பூட்டாத, இளக்கி நில். கடல் ஆடட்டும், நீ ஆடாத" என்று கத்துவார், பாதி வசவோடு. வலை இழுக்கும்போது அவர் இடுப்புக்கு மேலே அசைந்து நான் பார்த்ததில்லை.

அதை ஆங்கிலத்தில் சொன்னேன், வசவு இல்லாமல். முழங்காலை இளக்கு. கையை நீட்டாதே, முழங்கையை விலாவோடு வை. வெட்டு தோளிலிருந்து வேண்டாம், மணிக்கட்டிலிருந்து வரட்டும். அரை மணி நேரம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு தாதிப் பெண், பன்னிரண்டு மணி நேர வேலை முடித்துவிட்டு வந்தவர், முதன்முதலாக மெத்தையில் சாயாமல் இரண்டு வெட்டும் குத்தும் செய்தார். பிறகு உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார்.

மாஸ்டர் ஊன்றுகோலோடு எழுந்து வந்து, "உன் பெரியப்பா எந்தப் பள்ளியில் படித்தவர்?" என்று கேட்டார். மீன்வாடி என்றேன்.

2025 மார்ச் 4, செவ்வாய்

எட்டாவது வகுப்பு. கயிறு ஐந்து, மெத்தை பத்து, ஆறுக்கு ஆறு. மண்டபத்தின் இந்தப் பாதி ஷானன், அந்தப் பாதி செசபீக், நடுவில் இரண்டு வாங்கு. பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்தில் முடிந்தது. செசபீக் வென்றுவிட்டது. சரித்திரம் மாறிவிட்டதே என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

உயரமானவருக்கு நெற்றியில் ஓர் அடியும் இல்லை.

எல்லாரும் வாளை ஒப்படைத்தார்கள். எண்ணிப் பெட்டியில் வைத்தேன்: பன்னிரண்டு. மாஸ்டரும் நானும் கயிறுகளை அவிழ்த்துச் சுருட்டினோம். உயரமானவர் தண்ணீர்ப் போத்தலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். மண்டபம் வெறுமையாக இருந்தது, மேலே ஒன்றுமில்லை. அவர் ஐந்து இடத்திலும் குனிந்து குனிந்து போய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு, அப்படியே குனிந்து திரும்பிப் போனார்.