பெட்டர்மென்ட் சார்ஜ் கட்டிய கதை

2003-ல் பெங்களூரில் ராமமூர்த்தி நகருக்கு அந்தப் பக்கம் முப்பதுக்கு நாற்பது அடியில் சைட், அதாவது மனை, ஒன்று வாங்கினேன். அதுவரை அல்சூரில் வாடகை வீடு. அப்போது அது கே.ஆர்.புரம் நகரசபை எல்லை. பத்திரத்தில் 'வடக்கே ரோடு' என்று இருந்தது. தரையில் இருந்தது செம்மண். சைட் விற்றவர், "சிட்டியில சேந்துட்டா ரோடு தானா வரும் சார்" என்றார்.

2007-ல் சேர்ந்தது. ஏழு நகரசபை, கெங்கேரி டவுன், 110 கிராமம் எல்லாம் மாநகரத்துக்குள் வந்தன. அடுத்த வருஷமே கந்தாயத்தை, அதாவது சொத்து வரியை, நாமே கணக்குப் போட்டுக் கட்டும் முறை வந்தது. ஏப்ரலுக்குள் முழுசாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்று வீட்டுக்காரி என்னை முதல் வாரமே துரத்திவிடுவாள். கட்டினேன். ஆனாலும் என் சைட் 'பி' ரிஜிஸ்டரில்தான் கிடந்தது. அப்போது அதில் இருந்தால் வரி மட்டும் வாங்கிக்கொள்வார்கள். முறையான காத்தா, அதாவது மாநகராட்சியின் சொத்துப் பதிவு, ஆகாது.

எங்கள் லேஅவுட்டுக்கு டிசி கன்வர்ஷன், அதாவது விவசாய நிலத்தை வீட்டு மனையாக மாற்றும் உத்தரவு, ஆகியிருந்தது. முறையான காத்தாவுக்கு, மாநகராட்சிக்குக் கட்டும் மேம்பாட்டுக் கட்டணமான பெட்டர்மென்ட் சார்ஜ்தான் பாக்கி. அந்தப் பெயரைக் கேட்டதும், தெருவைச் சீர்படுத்துவதற்கு நம்மிடம் வாங்கும் பங்கு இது, கட்டினால் தார் வண்டி வந்துவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தெருவில் பதினொரு வீடு. எல்லாரிடமும் இதைப் பெரிய மனுஷன் மாதிரி சொல்லியும் வைத்தேன்.

2010-ல் தாய்ப்பத்திரம், கிரயப்பத்திரம், கன்வர்ஷன் ஆர்டர், ஈசி என்ற வில்லங்கச் சான்றிதழ், கந்தாய ரசீது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போனேன். அளக்க ஆள் வந்தார். டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். கிழக்குப் பக்கம் நாற்பது அடி வரவேண்டும். முப்பத்தெட்டில் பக்கத்து வீட்டுக் காம்பவுண்டு தட்டியது. ஏழு வருஷம் அந்த மண்ணில் முருங்கை வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அண்ணாவோடு மூன்று வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அவரும் அதே விற்பனைக்காரரிடம் ஏமாந்தவர்தான் என்று தெரிந்தது. பத்திரப்படி இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கணக்கு சதுர மீட்டரில். 1,200 சதுர அடி என்றால் 111.5 சதுர மீட்டர். அதை ரேட்டால் பெருக்கினார்கள், அவ்வளவுதான். டிடி எடுத்ததில் மட்டும் நான் கோட்டை விட்டேன். அதிகாரியின் பதவிப் பெயரைப் போடாமல் ஆபீஸ் பெயரைப் போட்டுவிட்டேன். கேன்சல் பண்ணி மறுபடி எடுத்ததில் பேங்க் கமிஷன் இரண்டு தடவை போயிற்று.

ரசீது வாங்கும்போது ஆசையாகக் கேட்டேன், "ரஸ்தே யாவாக சார்?" ரோடு எப்போது என்று. ஆபீஸ்காரர் சிரித்தார். "ரஸ்தே பேரே சார், இது பேரே." ரோடு வேறே, இது வேறே என்றார். உட்காரவைத்துப் பொறுமையாகவும் சொன்னார். இந்தப் பணம் பொதுக் கணக்கில் சேரும்; ரோடு வேண்டுமென்றால் வார்டு வேலைப் பட்டியலில் ஏற வேண்டும், எஸ்டிமேட் போட வேண்டும், டெண்டர் விட வேண்டும். ரசீதைத் திருப்பிப் பார்த்தேன். என் பெயர், சைட் நம்பர், தொகை எல்லாம் இருந்தது. தெருப் பெயர் எங்கேயும் இல்லை.

என் அக்கா மகள் அமெரிக்காவில், மினசோட்டாவில் இருக்கிறாள். அவள் தெருவைப் புதுசாகப் போட்டபோது வீட்டுக்கு நோட்டீஸ் வந்ததாம். இன்ன தெரு, மொத்தச் செலவு இவ்வளவு, உன் பங்கு இவ்வளவு என்று. ஆட்சேபம் சொல்லக் கூட்டம் வைத்தார்களாம். சொத்து வரியோடு வருஷத் தவணையாகக் கட்டலாம். ரோட்டால் வீட்டு மதிப்பு எவ்வளவு கூடுகிறதோ அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமாம். "உங்க ஊர்லயும் அதேதானே மாமா?" என்றாள். இல்லை கண்ணு, இங்கே சைட்டுக்குக் கட்டுகிறோம், தெருவுக்கு இல்லை.

தெருவில் எனக்குத்தான் அவமானம். பிராயச்சித்தமாக மனுவை நானே எழுதினேன். பதினொரு வீட்டுக் கையெழுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே வரி ரசீது எண். அந்த வருஷம்தான் 198 வார்டுக்கும் தேர்தல் நடந்து புது கவுன்சிலர்கள் வந்திருந்தார்கள். ஒரு காப்பி இன்ஜினியருக்கு, ஒரு காப்பி கவுன்சிலருக்கு. கன்னடத்தில் எழுதிக் கொடுத்தது பக்கத்து வீட்டு அண்ணா, அந்த இரண்டடிக்காரர்தான். 2012-ல் ஜல்லி கொட்டினார்கள்.

ரசீதை அப்புறம் மறந்தே போனேன். 2024-ல் மகன் மாடி கட்ட லோன் போட்டபோது பேங்க் வக்கீல் கேட்ட பட்டியலில் 'பெட்டர்மென்ட் சார்ஜ் ரசீது' என்று ஒரு வரி. பீரோவைக் கவிழ்த்தோம். ஒரிஜினல் கந்தாயக் கட்டுக்குள் பத்திரமாக இருந்தது. பின்பக்கம் முழுக்க வீட்டுக்காரியின் பால் கணக்கு. வக்கீல் இரண்டு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார்.