சிமெண்ட் மூட்டை வந்ததும் வேலையை நிறுத்தினோம்

எங்கள் பகுதி வரலாற்றுக் குழு பழுதுபார்த்து மீட்கக் கையில் எடுத்தது, நூறு வருஷம் தாண்டிய ஒரு சின்ன டவுன் ஹால். போன ஐப்பசி மழையில் மாடித்தளம் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்த நிம்மதியோடு எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு எங்கள் அலைச்சல் மிச்சமாகட்டும்.

முதல் அடி கதவு எண்ணில் விழுந்தது. வில்லங்கச் சான்று பழைய எண்ணில், சொத்துவரி ரசீது புதிய எண்ணில், நில அளவைப் பதிவேட்டில் சர்வே எண் மட்டும். சி.எம்.டி.ஏ.வின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) பாரம்பரியக் கட்டடக் குழுவுக்குக் கோப்பு போகுமுன்பே வேறொரு அலுவலகத்தில் "இது வேற கட்டடம்" என்று திருப்பிவிட்டார்கள். என்ன தாள் வேண்டும் என்று கேட்டால் எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்றாவது நடையில்தான், இரண்டு எண்ணும் ஒரே கட்டடம் என்று சான்று வேண்டும் என வாயைத் திறந்தார். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதம் மிச்சம். எனவே அந்தச் சான்றை முதலில் வாங்குங்கள். நான்கு எல்லையும் குறித்த வரைபடத்தில் மூன்று எண்களையும் எழுதி ஒவ்வொரு நகலோடும் இணையுங்கள். கொடுக்கும் எதற்கும் தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள்.

வரலாற்றுக் குறிப்பும் எளிதில்லை. சென்னை விக்டோரியா பப்ளிக் ஹால் என்றால் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் சிசோம் வரைந்தது, நம்பெருமாள் செட்டியார் கட்டியது, 1897-ல் விவேகானந்தர் பேசியது என்று ஆதாரம் கொட்டிக் கிடக்கிறது. சின்ன ஹாலுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்தான் கதி. எந்தத் துறை, எந்த ஆண்டு என்று குறித்துக்கொண்டு போகாவிட்டால் ஒரு நாள் முழுக்க வீண்.

அளவு வரைபடம், புகைப்படம், கட்டட உறுதிச்சான்று எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

பெரிய ஆபத்து தளத்தில் காத்திருந்தது. மேலே மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரம், அதன்மேல் மூலைவாட்டில் விளிம்பு நிற்க அடுக்கிய மெல்லிய செங்கல், அதற்கும் மேல் செங்கல் ஜல்லி போட்ட சுண்ணாம்புக் கலவை. ஒப்பந்தக்காரர் இறக்கியதோ சிமெண்ட் மூட்டை. "ரெண்டு அங்குலம் பூசிட்டா ஒழுகாது சார்" என்றார். அங்கேயே வேலையை நிறுத்தினோம். ஏற்கெனவே யாரோ அப்படிப் பூசியதன் பலன் கண்ணெதிரே இருந்தது. விரிசல் வழியே இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியில்லாமல் உத்தரத்துக்குள் போயிருந்தது. நடுவில் கல் மாதிரி இருந்த தேக்கு, சுவருக்குள் செருகிய முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் மூன்று அங்குலம் ஈரமண்ணில் இறங்குவதுபோல இறங்கியது. கீழிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொரு முனையையும் குத்திப் பாருங்கள்.

மக்கிய முனையை மட்டும் வெட்டி, பழைய தேக்கையே ஒட்டுப்போட்டு போல்ட் முடுக்கினோம். சுவர்ப் பொந்தில் முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விட்டோம். சுண்ணாம்பு நீற்றிப் பதினைந்து நாள் ஊறியது. ஜல்லியையும் நனைத்துத்தான் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் கலவையின் ஈரத்தை அது குடித்துவிடும். பிறகு கடுக்காய், வெல்ல நீர் தெளித்து ஒரு வாரம் மரக்கட்டையால் அடி. கொத்தனார் அவசரப்படுவார், விடாதீர்கள். கட்டை பட்ட இடத்தில் தடம் விழாமல் எகிறித் திரும்ப வேண்டும், சத்தமும் மாற வேண்டும். அதுவரை அடித்த பிறகே மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்க வேண்டும். இதையெல்லாம் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் முடித்துவிடுங்கள்.

கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றை மேலோடு பிடுங்கியது எங்கள் தவறு. இரண்டே மாதத்தில் அதே இடத்தில் திரும்பத் துளிர்த்தது. இப்போது அந்த இரண்டு வரிசைச் செங்கலைப் பிரித்து, வேரோடு எடுத்துவிட்டுச் சுண்ணாம்பிலேயே திரும்பக் கட்டுகிறோம்.