ஒன்றேகால் மைல் ஒத்தையடிப் பாதைக்குப் பதினாறு மாத அலைச்சல்

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரவு பத்தே முக்கால் மணி. பூங்கா வாரியத்தில் நான்கு பேர் சரி என்றார்கள், ஒருவர் கூடாது என்றார். நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் மட்டும் என்று இருந்த ஒன்றேகால் மைல் ஒத்தையடிப் பாதையில் இனி இரட்டைப்படைத் தேதிகளில் சைக்கிளும் போகலாம். அதுவும் ஓராண்டுக்குச் சோதனை முறையில்தான். இவ்வளவுக்கும் எனக்கும் இன்னும் ஏழெட்டுப் பேருக்கும் பதினாறு மாதம் ஆகிவிட்டது.

நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில். மவுன்டன் பைக் பிறந்த மண் என்று சொல்வார்கள். 1976இல் ஃபேர்ஃபாக்ஸ் பக்கத்து மலையில் பழைய சைக்கிள்களை எடுத்துக்கொண்டு இறக்கத்தில் பந்தயம் விட்டவர்கள் இந்த வட்டாரத்துக்காரர்கள். ஒரு தடவை இறங்கினால் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால்தான் அந்த இறக்கத்துக்கு ரீபேக் என்று பெயர். அதே வட்டாரத்தில் இன்றைக்கும் எத்தனையோ ஒத்தையடிப் பாதைகளின் வாசலில் சைக்கிள் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது.

என் மகள் பள்ளி மவுன்டன் பைக் அணியில் இருக்கிறாள். வட கலிபோர்னியாவில் 2001இல் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு லீக் தொடங்கினார்கள், இப்போது நாடு முழுக்க வந்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் பயிற்சி எடுப்பது மலையில் தீயணைப்பு வண்டி போகும் இரண்டு மண்சாலைகளில். அந்த இரண்டையும் இணைப்பது இந்தப் பாதை ஒன்றுதான். அதில் விடாததால் ஓரமே இல்லாத கார் ரோட்டில் இரண்டு மைல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருநாள் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி ஒரு பையனின் ஹேண்டில்பாரில் தட்டியது. நல்லவேளை, புதரில் விழுந்தான், சிராய்ப்போடு போயிற்று. அன்றிரவு என் மகள் சாப்பிடும்போது, "அம்மா, அவன் எனக்கு முன்னாடிதான் போய்ட்டிருந்தான்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

அடுத்த வாரமே வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் பேசினேன். பொதுமக்கள் பேசும் நேரத்தில் மூன்று நிமிடம், கை நடுங்க எழுதி வைத்துப் படித்தேன். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒருவர் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "நன்றி, அடுத்தவர்" என்றார்கள். காருக்குள் உட்கார்ந்து அழுதேன். பிறகு பழைய வாலண்டியர் ஒருவர் விளக்கினார்: இங்கே பிரவுன் சட்டம் என்று 1953இல் வந்த ஒன்று இருக்கிறது. அஜெண்டாவில் இல்லாத விஷயத்தை வாரியம் அந்தக் கூட்டத்தில் விவாதிக்கவே கூடாது. அவமதிப்பு இல்லை, சட்டம். இதை வாசலில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் எனக்கு இரண்டு மாத மனக்கசப்பு மிச்சமாகியிருக்கும். வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை வெளியிட வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக அவர்கள் தளத்தைப் பாருங்கள். உங்கள் விஷயம் அதில் இல்லையென்றால், அதை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லிக் கேட்பது மட்டும்தான் அன்றைக்கு உங்கள் வேலை.

"முதலில் அந்தப் பாதையில் வேலை செய்யுங்கள், பிறகு கேளுங்கள்" என்றார் அதே வாலண்டியர். சரி என்று பாதைப் பராமரிப்புக் குழுவில் பெயர் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டிப்போய் வேலை வாங்குவதாக இருந்ததால் எனக்குக் குற்றப் பதிவு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கும் கைரேகைச் சோதனை வேண்டும் என்றார்கள். இங்கே அதற்கு லைவ் ஸ்கேன் என்று பெயர். என்னை மிகவும் அலைக்கழித்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மகளின் பள்ளிக்காக நான் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருந்தேன். அது இதற்குச் செல்லாது. எந்த அமைப்புக்காகக் கொடுத்தோமோ அந்த அமைப்புக்கு மட்டுமே முடிவு போகும், இன்னொருவருக்குக் காட்ட முடியாது. சரி, புதிதாகவே கொடுப்போம் என்று நெட்டில் இருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் படிவத்தின் மேல் பகுதியைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அமைப்பின் ஓ.ஆர்.ஐ. எண் இல்லை. அந்த எண் இல்லாமல் அனுப்பினால் ரேகை எங்கே போவது? நாற்பது நிமிடம் ஓட்டிப் போனது வீண். பூங்கா அலுவலகத்தில் கேட்டால், "நாங்கள்தான் நிரப்பித் தருவோமே, ஏன் நீங்களாக எடுத்தீர்கள்?" என்றார்கள். அதை முதல் மின்னஞ்சலிலேயே ஒரு வரி எழுதியிருக்கலாம்.

இரண்டாவது தடவை வேறு கோளாறு. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர்தான் பின்னால் வரும். என் டிரைவிங் லைசென்சில் ஒரு மாதிரி, அலுவலகம் நிரப்பித் தந்த படிவத்தில் முன்பின்னாக மாறி இன்னொரு மாதிரி. "இரண்டு பேரும் நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கவுண்டரில் இருந்தவர். என் அப்பா பெயர் இது, என் பெயர் இது என்று கால் மணி நேரம் சொன்னேன். அவர் அசையவில்லை. திரும்பி வந்து, படிவத்தைத் திருத்தி வாங்கி, மூன்றாவது தடவை போய் ரேகை கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வருகிறது: ரேகை தெளிவாக இல்லை, நிராகரிக்கப்பட்டது.

நீங்களும் இதில் இறங்குவதாக இருந்தால்: படிவத்தை அமைப்பிடமே வாங்குங்கள். லைசென்சில் எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ அதே வரிசையில் நிரப்பச் சொல்லுங்கள். ரேகை எடுத்ததும் படிவத்தின் அடியில் ஏ.டி.ஐ. என்று ஓர் எண் எழுதுவார்கள், அந்த நகலைத் தொலைத்துவிடாதீர்கள். நிராகரித்தால் அந்த எண்ணையும் வந்த கடிதத்தையும் கொண்டுபோனால் அரசுக் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டியதில்லை. நான் நான்காவது தடவை போவதற்கு முன் ஒரு வாரம் இரவில் விரல்களில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அதனால்தான் சரியாக விழுந்ததா என்று சொல்ல மாட்டேன், ஆனால் விழுந்தது.

அதற்குள் நவம்பர் வந்துவிட்டது. பாதை வேலைக்கு அதுதான் காலம். இங்கே கோடையில் மண் காய்ந்து பாறை மாதிரி ஆகிவிடும், மழை விழுந்து ஈரம் பிடித்தால்தான் வெட்ட வரும். கையில் மக்லவுட் என்று ஒரு கருவி கொடுத்தார்கள். ஒரு பக்கம் பற்கள் வைத்த வாரி, மறுபக்கம் அகலமான மண்வெட்டித் தகடு. என் அப்பாவின் வயலில் மண்வெட்டி பிடித்த கை, அரை மணியில் பழகிவிட்டது.

பாதையின் நடுவில், ஒரு பெரிய ஓக் மரத்தடியில், எப்போதும் ஒரு குட்டை தேங்கி நிற்கும். சேற்றுக்குப் பயந்து எல்லோரும் ஓரமாகப் போய்ப் போய், இரண்டு அடிப் பாதை எட்டு அடியாக விரிந்திருந்தது. சைக்கிள்காரர்கள் திருட்டுத்தனமாக வந்து கெடுத்துவிட்டார்கள் என்று அதைக் காட்டித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தால் காரணம் வேறு. பல வருடம் கால்பட்டு நடுப்பகுதி பள்ளமாகி, சரிவுப் பக்க விளிம்பில் மண் வரப்பு மாதிரி உயர்ந்துவிட்டது. நீர் வெளியே போக வழியில்லை. வரப்பை வெட்டி, பத்தடி நீளத்துக்கு அரைவட்டமாகச் சரிவுப் பக்கம் சாய்த்துச் செதுக்கினோம். என் மகள் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். தண்ணீர் ஒரு கணம் நின்று யோசித்த மாதிரி இருந்து, பிறகு சறுக்கி ஓக் சருகுகளுக்குள் போய்விட்டது. வயலில் மடை திறந்தால் வருமே ஒரு சந்தோஷம், அதேதான்.

பிப்ரவரி நடுவில் போட்டிருந்த வேலை நாள் மட்டும் பாழ். இருபத்திரண்டு பிள்ளைகள், காலை ஏழரைக்கே வந்துவிட்டார்கள். கருவி வண்டி வரவில்லை. எட்டரைக்கு ஓர் ஊழியர் வந்து, புதர் வெட்டும் வேலை ரத்து என்றார். பிப்ரவரியில் இருந்து ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம், உயிரியலாளர் வந்து பார்த்த பிறகுதான் கிளையைத் தொட வேண்டுமாம். விதி நியாயமானது, நான் அதை எதிர்க்கவில்லை. முதல் நாளே ஒரு போன் செய்திருக்கலாம். புதர் வேலை இருந்தால் ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள்.

எங்களை எதிர்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு குதிரைக்கார அம்மா, எழுபது வயதிருக்கும். வேலை நாளில் எங்களைத் தாண்டிப் போகும்போது குதிரையை நிறுத்தி, "இவ்வளவு செய்து, கடைசியில் என்னைத் தள்ளிவிடப் போகிறீர்கள்" என்றார். பத்து வருடம் முன்பு ஒரு வளைவில் சத்தமில்லாமல் வந்த சைக்கிளைக் கண்டு குதிரை மிரண்டு, விழுந்து, அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. இதை அவர் கூட்டத்தில் சொன்னதே இல்லை. அங்கே அவர் மண் அரிப்பு பற்றித்தான் பேசுவார்.

அவரிடமே எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டேன். வந்தார். குதிரையைக் கண்டால் முதலில் இறங்க வேண்டும். பாதையின் சரிவுப் பக்கம், தாழ்வாக நிற்க வேண்டும். மேலிருந்து வருவதைக் குதிரை வேட்டை மிருகமாக நினைக்கும். பிறகு வாயைத் திறந்து ஏதாவது பேச வேண்டும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட உருவம் மனிதன்தான் என்று குதிரைக்குக் குரலை வைத்துத்தான் தெரியும். என் மகள் என்ன பேசுவது என்று தெரியாமல் தமிழில், "வாடா தங்கம், ஒண்ணும் இல்ல, போ போ" என்றாள். குதிரை காதைத் திருப்பிக் கேட்டுவிட்டு அமைதியாகப் போனது.

இதற்கிடையில் 412 கையெழுத்து திரட்டினோம். வீடு வீடாக, சைக்கிள் கடை வாசலில், சனிக்கிழமைச் சந்தையில். கொண்டுபோய்க் கொடுத்தால் அலுவலகத்தில் இருந்தவர் எண்ணிக்கூடப் பார்க்காமல் ஒரு முத்திரை குத்தினார். "இது ஒரு கடிதம்" என்றார். 412 பேரும் சேர்ந்து ஒரே கருத்தாகத்தான் பதிவாகும். தனித்தனியாக வந்த நான்கு வரி மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு கருத்து. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அன்று மாலையே ஆளுக்குப் பத்துப் பேரைக் கூப்பிட்டு, அவரவர் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பச் சொன்னோம். கடைசி நாளுக்குள் 63 போயிற்று. கையெழுத்து வாங்கச் செலவழித்த மூன்று மாதத்தை இதற்குச் செலவழித்திருக்க வேண்டும்.

கடைசிக் கூட்டம் ஆறரைக்குத் தொடங்கியது. எங்கள் விஷயம் ஏழாவது. பேசப் பெயர் கொடுத்தவர்கள் அதிகம் என்று ஒன்பதேகாலுக்குத் தலைவர் மூன்று நிமிடத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தார். நான் மூன்று நிமிடத்துக்குத் தயாரித்திருந்தேன். அதில் 1994இல் மொன்டானாவில் நடந்த ஆய்வு ஒன்று: ஈரப் பாதையில் சக்கரத்தை விடக் குளம்பும் காலும்தான் அதிக மண்ணைப் பெயர்க்கின்றன என்று வில்சன், செனி என்ற இருவர் கண்டது. எதிர்த் தரப்பின் மண் அரிப்பு வாதத்துக்குச் சரியான பதில் என்று பத்திரமாக வைத்திருந்தேன். வரிசையில் நிற்கும்போது பேனாவால் அதை அடித்துவிட்டேன். எனக்குப் பின்னால் மூன்று பேர் தள்ளி அந்தக் குதிரைக்கார அம்மா நின்றிருந்தார், அவர் முகத்துக்கு நேரே குதிரையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லாரி தட்டியது, ஓக் மரத்தடிக் குட்டை வற்றியது, தாஹோ ஏரியைச் சுற்றிய பாதையில் ஒரு பகுதியில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும் சைக்கிளை விடுவது, இந்த மூன்றை மட்டும் சொன்னேன். ஐம்பத்தைந்து விநாடி.

அந்த அம்மா தன் முறை வந்ததும் மண் அரிப்பைப் பற்றி எதுவும் பேசவில்லை. இடுப்பு முறிந்ததைச் சொன்னார். "எனக்குச் சைக்கிள் பிடிக்காது. ஆனால் இந்தப் பிள்ளைகள் இறங்கி நிற்கிறார்கள். சைக்கிளில் மணி கட்டாயம் என்றால், ஒரு வருடம் பார்க்கலாம்" என்றார். அந்த நான்காவது ஓட்டு அவருடைய பேச்சுக்கு விழுந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அக்டோபர் 2ஆம் தேதி பாதை திறந்தது. இரு முனைகளிலும் மரப்பெட்டி, உள்ளே சைக்கிள் மணிகள். எடுத்து மாட்டிக்கொண்டு போய் மறுமுனையில் போட வேண்டும். முதல் வாரத்திலேயே பாதி மணிகள் காணாமல் போயின, மறுபடி வாங்கிப் போட்டோம். அணிக்குச் செவ்வாயும் வியாழனும் பயிற்சி, பெரும்பாலும் இரண்டும் ஒரே வாரத்தில் இரட்டைப்படையாக வரும், அடுத்த வாரம் இரண்டும் ஒற்றைப்படையாக வரும். அதனால் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் பிள்ளைகள் இன்னும் அந்தக் கார் ரோட்டில்தான் போகிறார்கள். அந்த நாட்களில் நான் பின்னால் காரில் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகிறேன். தேதியை விட்டுக் கிழமைக் கணக்கில் மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம், இந்த முறை தனித்தனி மின்னஞ்சலாக.

சோதனைக் காலத்தில் வரும் புகார்களை அலுவலகம் மாதாமாதம் எழுதி வைக்கிறது, கேட்டால் தருவார்கள். நேற்று வாங்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் மூன்று. மூன்றும் கட்டாமல் விட்ட நாயைப் பற்றி.